வடசென்னை உப்புக்காற்றில் நவீன இயற்பியல் லேப்: பிளாங்க் மாறிலி 4.5-லேயே நிற்கிறது, என்ன செய்யலாம்?

#1 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

வணக்கம். மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி பிராக்டிக்கலுக்கு ஐந்து சோதனைகள் போட்டிருக்கிறோம். ஒளிமின் விளைவில் பிளாங்க் மாறிலி, ஆர்கான் குழாயில் ஃப்ராங்க்–ஹெர்ட்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் இ/எம் (எலக்ட்ரானின் மின்னூட்டம்–நிறை விகிதம்), கதிரியக்கத்தை எண்ணும் ஜி.எம். (கைகர்–முல்லர்) கவுன்ட்டர், மில்லிகன் எண்ணெய்த்துளி. கடல் ஒரு கிலோமீட்டருக்குள். லேப்பில் ஏ.சி. கிடையாது.

முதல் தலைவலி பிளாங்க் மாறிலி. 12 வோல்ட் 35 வாட் ஹாலஜன் விளக்கு, ஐந்து வடிகட்டி, வெற்றிட ஃபோட்டோடியூப், டிஜிட்டல் மீட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் வழக்கமான செட்தான். நிறுத்து மின்னழுத்தம் (ஒளிமின்னோட்டத்தை நிறுத்தும் பின்னோக்கி மின்னழுத்தம்) இப்படி வருகிறது:

635 நானோமீட்டர்: 0.30 வோல்ட்
570: 0.47
540: 0.56
500: 0.68
460: 0.81

அதிர்வெண்ணோடு வரைந்தால் கோடு நேராகத்தான் விழுகிறது. ஸ்லோப்பை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் பெருக்கினால் 4.5×10⁻³⁴ ஜூல் வினாடி. வர வேண்டியது 6.626. ஐந்து பேட்ச் எடுத்தும் இதே எண். ரெக்கார்டில் எல்லாரும் "ஹியூமன் எரர்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைக் கையெழுத்துப் போட்டு ஏற்க மனம் வரவில்லை.

#2 ராயபுரம்_ரீடிங்

ஐந்து பேட்ச் கையிலும் ஒரே எண் வந்தால் மனிதர்மேல் பழி போட இடமே இல்லை. ஆளுக்கு ஆள் மாறுவதல்லவா மனிதப் பிழை? இது கருவியின் பிழை.

எங்கே என்று உங்கள் எண்களே சொல்கின்றன. 635-க்கும் 460-க்கும் நடுவே அதிர்வெண் 1.80×10¹⁴ ஹெர்ட்ஸ் கூடுகிறது. அதற்கு நிறுத்து மின்னழுத்தம் 0.74 வோல்ட் ஏற வேண்டும். உங்களுக்கு ஏறியது 0.51. சிவப்பு ஓரளவு சரி, நீலம்தான் தரையில் கிடக்கிறது. நீலத்தை மட்டும் கீழே இழுக்கும் காரணம் எது என்று தேடுங்கள். சந்தேகப்பட இரண்டு பேர்.

ஒன்று, கசிவு மின்னோட்டம். குழாயின் கண்ணாடி மேலும் சாக்கெட் மேலும் ஈரம் படிந்தால் ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஒரு மின்தடை உருவாகும். பின்னோக்கி மின்னழுத்தம் கூடக் கூட அதன் வழியே எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டமும் கூடும். மீட்டர் சுழி காட்டும்போது ஒளிமின்னோட்டம் நின்றிருக்காது, கசிவோடு சமமாகியிருக்கும். நீலத்துக்கு நிறுத்து மின்னழுத்தம் அதிகம், ஆகவே கசிவும் அதிகம். அதோடு ஹாலஜன் விளக்கில் நீலம் சொற்பம், ஒளிமின்னோட்டமும் சிறியது. இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன.

இரண்டாவது, மீட்டர். கடைசி இலக்கம் 0.001 மைக்ரோஆம்பியர் என்றால் அரை நானோஆம்பியருக்குக் கீழே எல்லாமே அதற்குச் சுழிதான். நீலத்தின் மெல்லிய வால் மீட்டர் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சோதனை: குழாயின் வாயைக் கறுப்பு மூடியால் மூடி, பின்னோக்கி 1 வோல்ட் வைத்து, மிக நுண்ணிய ரேஞ்சில் மீட்டரைப் படியுங்கள். பிறகு மூடியைத் திறந்து, ஒரே வடிகட்டியோடு விளக்கை 20 செ.மீ., 40 செ.மீ. தூரங்களில் வைத்து நிறுத்து மின்னழுத்தம் எடுங்கள். கொள்கைப்படி அது ஒளிச்செறிவைச் சார்ந்ததல்ல. தூரம் மாறும்போது அதுவும் மாறினால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று உள்ளே இருக்கிறது.

#3 கொருக்குப்பேட்டை_கால்வனோ

கடலோரத்துல இருக்குற லேப்ல முதல்ல பாக்க வேண்டியது சாக்கெட்டு சார். வெறும் ஈரம்னா காஞ்சிடும். உப்பு படிஞ்சா காயவே காயாது, சாயங்காலம் ஈரத்த இழுத்து வெச்சிக்கும். அதனால காலைல ஒரு ரீடிங், மதியத்துக்கு மேல இன்னொரு ரீடிங் வரும்.

செய்முறை சொல்றேன். பவர ஆஃப் பண்ணி, குழாய வெளிய எடுங்க. வெறுங்கையால கண்ணாடியத் தொடாதீங்க, விரல் ரேகையும் உப்புதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கணும். மருந்துக் கடைல கிடைக்கிற 70 சதவீதத்துல மீதி தண்ணி. பஞ்சு வேணாம், நூல் விடும். லென்ஸ் துடைக்கிற பேப்பர்ல நனைச்சி, பின்னுங்களுக்கு நடுவுல இருக்கிற அடிப்பகுதிய மூணு தடவ துடைங்க, ஒவ்வொரு தடவையும் புது பேப்பர். சாக்கெட்டுக்கும் அதே வைத்தியம். அப்புறம் ஹேர் டிரையர குறைஞ்ச சூட்டுல ஒரு அடி தள்ளி வெச்சி அஞ்சு நிமிஷம். குழாய் ஆறுனதுக்கு அப்புறம்தான் ரீடிங். சூடா இருந்தா டார்க் கரண்ட் ஏறும்.

பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் ஒரு 50 கிராம் துணிப்பைல போட்டு வைங்க. நீலம் ரோஸ் ஆயிட்டா ஓவன்ல 110–120 டிகிரில ரெண்டு மணி நேரம் வெச்சா திரும்ப நீலம் ஆயிடும். நீலத்துல கோபால்ட் உப்பு இருக்கு, அதனால ஆரஞ்சு ஜெல்லே வாங்கிடலாம். அது நனைஞ்சா பச்சை ஆகும்.

#4 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

செய்து பார்த்தாயிற்று. மூடியோடு பின்னோக்கி 1 வோல்ட்டில் துடைப்பதற்கு முன் 0.3 நானோஆம்பியர் கசிவு. துடைத்துக் காயவைத்த பின் 0.02. அதாவது கசிவு மின்தடை 3 கிகாஓமிலிருந்து 50 கிகாஓமுக்குப் போயிருக்கிறது. புது ரீடிங், அதே வரிசையில்: 0.31, 0.52, 0.63, 0.79, 0.99.

பிளாங்க் மாறிலி இப்போது 6.04×10⁻³⁴. 31 சதவீதக் குறை 9 சதவீதமாகிவிட்டது. இதோடு விட்டுவிடலாமா?

#5 ராயபுரம்_ரீடிங்

விடக்கூடாது, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய இடமே இதுதான். ஐந்து புள்ளிக்கும் குறைந்த வர்க்க முறையில் கோடு போட்டு, புள்ளிகளின் சிதறலிலிருந்து ஸ்லோப்பின் பிழையைக் கணக்கிட்டேன். சுமார் 0.8 சதவீதம். ஆக உங்கள் முடிவு 6.04 ± 0.05. ஏற்கப்பட்ட மதிப்பு 6.626. தூரம் ஏறத்தாழ 12 சிக்மா, அதாவது அந்தப் பிழையைப்போல் 12 மடங்கு. சிதறல் சின்னதாக இருப்பதால் பதில் சரி என்று ஆகாது. கோடு அழகாக விழும், தப்பான இடத்தில் விழும். முதல் ரீடிங்கிலும் கோடு நேராகத்தானே இருந்தது?

2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி அளக்கப்படும் எண் அல்ல, 6.62607015×10⁻³⁴ என்று வரையறுக்கப்பட்ட எண். ஆகவே மாணவர் அளப்பது இயற்கையை அல்ல, தன் கருவியை என்றே எடுத்துக்கொள்ளலாம். விலகல் எதைச் சொல்கிறது என்பதற்குத்தான் மார்க் போட வேண்டும்.

மிச்சமிருக்கும் 9 சதவீதத்துக்கு என் சந்தேகம் வடிகட்டி. இந்த செட்டில் வரும் கண்ணாடிகள் ஒரே அலைநீளத்தை மட்டும் விடுபவை அல்ல. குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மேலுள்ள எல்லாவற்றையும் விடும். அட்டையில் போட்டிருக்கும் 460 என்பது அந்த விளிம்பு. விளிம்பு செங்குத்துச் சுவர் அல்ல, சரிவு. நிறுத்து மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது சரிவின் அடியில் கசிந்து வரும் மிகக் குறுகிய அலைநீளம். அது ஐந்து வடிகட்டிக்கும் ஒரே அளவு தள்ளியிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்கு வைத்திருக்கும் பாதரச விளக்கு இருக்குமே. பிரிசத்தில் பிரித்து ஒரு பிளவு வழியாகக் குழாய்க்கு ஒவ்வொரு வரியாக விடுங்கள்: 365.0, 404.7, 435.8, 546.1, மஞ்சள் ஜோடி 577–579. விளக்கு ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். 365 கண்ணுக்குத் தெரியாது. சலவைத்தூளால் துவைத்த வெள்ளைத் துணி வைத்தால் ஒளிர்ந்து காட்டும். விளக்கை நேராகப் பார்க்க விடாதீர்கள், புற ஊதா.

#6 மூலக்கொத்தளம்_மூணாம்வருஷம்

ஒரு சந்தேகம் சார். வைவாவுல "இன்டர்செப்ட் என்ன?"ன்னு கேட்டா கேத்தோடின் வேலைச் சார்பு, அதாவது அதுலேர்ந்து எலக்ட்ரான வெளிய எடுக்கத் தேவையான ஆற்றல்னு சொல்றோம். மேலே இருக்குற ரீடிங்ல அது 1.47 எலக்ட்ரான்வோல்ட் வருது. அது சரியா?

#7 ராயபுரம்_ரீடிங்

பாதிப் பேர் வழுக்கும் இடம், தம்பி. கேத்தோடும் ஆனோடும் வெவ்வேறு பொருள். கம்பியால் இணைத்தவுடன் இரண்டின் ஃபெர்மி மட்டமும் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் ஆற்றல் மட்டம்) சமமாகி, இடையே தொடு மின்னழுத்தம் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அதன் அளவு இரண்டு வேலைச் சார்புகளின் வித்தியாசம். சமன்பாட்டில் அதைப் போட்டால் கேத்தோடின் வேலைச் சார்பு அடிபட்டு ஆனோடுடையது மட்டும் மிஞ்சும். ஆகவே இன்டர்செப்ட் ஆனோடைப் பற்றிய செய்தி. 1.47 என்பது சுத்தமான உலோகத்துக்கு மிகக் குறைவு என்பதால் ஆனோடின் மேல் கேத்தோடின் பூச்சு ஆவியாகிப் படிந்திருக்கிறது என்றும், ஆம்ப்ளிஃபயரின் ஆஃப்செட் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்லோப்புக்கு இதனால் கேடில்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வேறு பதில் எதிர்பார்த்தால், தொடு மின்னழுத்தத்தைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லு, மறுக்க மாட்டார்.

#8 வியாசர்பாடி_வெர்னியர்

இவ்வளவு பாடு எதற்கு? எல்.இ.டி. முறைக்கு மாறுங்கள். மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்கு நடந்தால் நூறு ரூபாய்க்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் நான்கும் வந்துவிடும். ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தம், அலைநீளம், ஸ்லோப். ஈரம் கிடையாது, வெற்றிடம் கிடையாது.

#9 ராயபுரம்_ரீடிங்

சரியான பதில் வருவதும் சரியான காரணத்தால் வருவதும் வேறு. "ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தம்" என்று ஒன்று டையோடில் இல்லவே இல்லை. மின்னோட்டம் அடுக்குக்குறியாக ஏறுகிறது, எந்த இடத்தில் தொடக்கம் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. அறையை இருட்டாக்கினால் அது இன்னும் கீழே போகும்.

#10 வியாசர்பாடி_வெர்னியர்

கண்ணால் பார்க்கச் சொல்லவில்லையே. நான்குக்கும் ஒரே மின்னோட்டம் வையுங்கள், அதுவும் 20 மில்லிஆம்பியர் வேண்டாம், 10 மைக்ரோஆம்பியர் போதும். 20 மில்லியில் உள் தொடர்தடையின் மேல் விழும் மின்னழுத்தமும் சேர்ந்து வரும், நீலத்தில் அது அதிகம். பத்து மைக்ரோவில் அது மறையும். அலைநீளத்தை பாக்கெட்டில் எழுதியபடி எடுக்காமல், அங்குலத்துக்கு 15000 கோடு கிரேட்டிங்கில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். கோட்டிடைவெளி 1.693 மைக்ரோமீட்டர். 630 நானோமீட்டர் சிவப்பு முதல் வரிசையில் 21.8 டிகிரி பக்கம் விழும். வெள்ளை எல்.இ.டி.யை எடுத்து வராதீர்கள், அது நீலத்தின் மேல் பாஸ்பர் என்ற ஒளிர்பொருள் பூசியது.

ஒப்புக்கொள்கிறேன், ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு குறைகடத்தி. பழைய மங்கல் பச்சை காலியம் பாஸ்பைடு, புதிய பளீர் பச்சை இண்டியம் காலியம் நைட்ரைடு. இரண்டையும் ஒரே கோட்டில் வைக்க உரிமை இல்லைதான். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டெமோ, மூன்றாம் ஆண்டுக்கு ஃபோட்டோடியூப் என்று பிரித்துக்கொள்வோம்.

#11 ராயபுரம்_ரீடிங்

அப்படியானால் சண்டை முடிந்தது.

#12 கொருக்குப்பேட்டை_கால்வனோ

மீட்டர் ரெசல்யூஷன் பத்தி மேல பேசினீங்க. புது மீட்டருக்கு காசு இல்லன்னா ஒரு ஐ.சி. போதும். சி.ஏ. 3140 ஆப்-ஆம்ப், எட்டு பின்னு. ஃபீட்பேக்ல 100 மெகாஓம். அப்போ 1 நானோஆம்பியர் வந்தா வெளிய 100 மில்லிவோல்ட், 10 பிகோன்னா 1 மில்லிவோல்ட், சாதா மல்டிமீட்டர்ல படிக்கலாம். 1-க்கும் 5-க்கும் நடுவுல 10 கிலோஓம் பிரீசெட்டு, நடுக்கால் 4-ல. மூடிய மூடிட்டு சுழி வைங்க. 2-ம் பின்ன போர்டுல சால்டர் பண்ணாதீங்க, காத்துல தூக்கி நேரா ஒயர்ல சேருங்க. போர்டுலயே கசியும், அப்புறம் துடைச்சதெல்லாம் வீண். மொத்தத்தையும் தகரப் பெட்டிக்குள்ள போட்டு எர்த் பண்ணலன்னா 50 ஹெர்ட்ஸ் ஹம்தான் படிப்பீங்க.

#13 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

பாதரச வரிகளுக்கு ஏற்பாடு நடக்கிறது. அதற்குள் ஃப்ராங்க்–ஹெர்ட்ஸ். ஆர்கான் குழாயில் உச்சங்கள் 17.6, 29.3, 41.1, 53.0, 64.9, 76.9 வோல்ட்டில். ஆர்கான் அணுவைக் கிளர்த்தத் தேவையான ஆற்றல் புத்தகத்தில் 11.6 எலக்ட்ரான்வோல்ட் என்கிறார்கள், முதல் உச்சமே 17.6-இல் வந்தால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். சில நாள் எல்லா உச்சமும் மேலும் கீழும் ஆடுகின்றன.

#14 எண்ணூர்_எலக்ட்ரான்

முதல் உச்சத்தின் இடத்தைப் பார்க்கவே கூடாது. அதில் தொடு மின்னழுத்தமும் கிரிட் மின்னழுத்தங்களும் கலந்திருக்கின்றன. வித்தியாசங்களை எடுங்கள்: 11.7, 11.8, 11.9, 11.9, 12.0.

இந்த எண்களைச் சராசரி போட்டு 11.86 என்று எழுதுவதுதான் எல்லா ரெக்கார்டிலும் நடக்கிறது. சராசரிக்கு முன் ஒரு நிமிடம் வரிசையைப் பாருங்கள், ஏறுகிறது. காரணம் உண்டு. எலக்ட்ரான் தேவையான ஆற்றலை எட்டிய நொடியே மோதிவிடாது. ஓர் அணுவைச் சந்திக்கும்வரை இன்னும் கொஞ்சம் ஓடும், அந்த ஓட்டத்திலும் ஆற்றல் சேரும். மின்னழுத்தம் கூடினால் புலமும் கூடும், அந்த உபரியும் கூடும். இடைவெளியை உச்ச வரிசையோடு வரைந்து கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 11.6 பக்கம் வந்து நிற்கும். ஆர்கானின் முதல் கிளர்வு மட்டங்கள் நான்கு, 11.55 முதல் 11.83 எலக்ட்ரான்வோல்ட் வரை. அவற்றை இந்தக் குழாயால் பிரிக்க முடியாது. 1914-இல் ஃப்ராங்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவியில் கண்டது 4.9. அந்த எண்ணை ஆர்கான் ரெக்கார்டில் எழுதி வரும் பிள்ளைகளும் உண்டு, கவனியுங்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் ஃபிலமென்ட். மெயின்ஸ் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஃபிலமென்ட் சூடு மாறும், உமிழ்வு மாறும். சர்வோ ஸ்டெபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும், லிஃப்ட்டோ மோட்டாரோ இழுக்கும் திடீர்ச் சரிவைச் சமாளிக்காது. ஃபிலமென்ட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டு, பிறகு ரீடிங் முழுவதையும் ஒரே மூச்சில் எடுங்கள், நடுவில் ஃபிலமென்ட் குமிழைத் தொடக்கூடாது. ஒரு வோல்ட் படியில் போனால் உச்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். உச்சம், பள்ளம் நெருங்கும் இடங்களில் 0.2 வோல்ட் படி வைத்தால்தான் மேலே சொன்ன 0.1 வித்தியாசமெல்லாம் பொருள்படும். 80 வோல்ட்டுக்கு மேல் மின்னோட்டம் திடீரென்று எகிறினால் உடனே இறக்குங்கள். ஆர்கான் அயனியாகத் தொடங்கிவிட்டது, குழாய் கெடும்.

#15 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

மேடம், ஜி.எம். கவுன்ட்டரையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு கதிரியக்க மூலங்களை வைத்து எடுக்கும் இரு மூல முறையில் டெட் டைம் (ஒரு துடிப்புக்குப் பின் குழாய் எதையும் எண்ணாத நேரம்) ஒரு பேட்சுக்கு 170 மைக்ரோவினாடி, அடுத்த பேட்சுக்கு மைனஸ் 40. மைனஸ் வந்ததும் பையன் ரீடிங்கைத் திருத்திவிட்டான்.

#16 எண்ணூர்_எலக்ட்ரான்

அந்தப் பையன் திருத்தியதைத்தான் கண்டிக்க வேண்டும், மைனஸை அல்ல. மைனஸ் வருவது இயல்பு. கணக்கைப் பாருங்கள்.

ஒவ்வொரு மூலமும் தனியாக வினாடிக்கு 150, டெட் டைம் 100 மைக்ரோவினாடி என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது தவறவிடும் எண்ணிக்கை சுமார் 2×150×150×0.0001, அதாவது வினாடிக்கு 4.5. நாம் தேடுவது 300-இல் 4.5. ஒரு நிமிடம் எண்ணினால் சேர்ந்த எண்ணிக்கை 18000, அதன் வர்க்கமூலம் 134, வினாடிக்கு 2.2. தனி எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் 1.6. மூன்றையும் வர்க்கமாகக் கூட்டி மூலம் எடுத்தால் 3.2. உங்கள் பதில் 4.5 ± 3.2. பன்னிரண்டு பேட்சில் ஒன்றுக்கு மைனஸ் வந்தே தீரும். ஐந்து நிமிடம் எண்ணினால் 4.5 ± 1.4. அப்போதும் முப்பது சதவீதப் பிழை. மூலத்தைக் குழாய்க்கு அருகில் கொண்டுபோய் வினாடிக்கு 500 ஆக்குங்கள், தவறவிடுவது 50 ஆகும், ஐந்து நிமிடத்தில் பிழை 2.6. நேரத்தை நீட்டுவதைவிட மூலத்தை நெருக்குவதுதான் லாபம்.

இன்னொன்று. முதல் மூலத்தை வைத்து எண்ணிய பின் அதை நகர்த்தவே கூடாது. பக்கத்தில் இரண்டாவதை வையுங்கள், சேர்த்து எண்ணுங்கள், பிறகு முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதைத் தனியாக எண்ணுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் 4.5-ஐ அது விழுங்கிவிடும். இரண்டாவது மூலம் இல்லாத நேரத்தில் அதே வடிவில் ஒரு வெற்றுத் தட்டை வைப்பது நல்லது.

பீடபூமி (மின்னழுத்தம் கூடினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதி) எடுக்கும்போது 20 வோல்ட் படியாக ஏறுங்கள். எண்ணிக்கை தட்டையாக ஓடி மறுபடி ஏறத் தொடங்கியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் தொடர் மின்னிறக்கம். வேலை செய்யும் மின்னழுத்தம் பீடபூமியின் நடுவுக்குச் சற்று முன்னால். பல ரெக்கார்டில் பீடபூமி சரிவு 100 வோல்ட்டுக்கு 2 சதவீதம் என்று ஒரே எண் வழிவழியாக வருகிறது. ஹாலஜன் வாயு கலந்த பழைய ஜி.எம். குழாய்க்கு 8, 9 வந்தாலும் நம்பத்தகுந்ததே. 2 வந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

கோபால்ட் 60 வைத்திருந்தால் தகட்டில் அச்சிட்ட கதிரியக்க அளவை அப்படியே எடுக்காதீர்கள். அரைஆயுள் 5.27 ஆண்டு. பத்தரை ஆண்டுப் பழைய மூலத்தில் கால் பங்குதான் மிச்சம். சீசியம் 137-க்கு 30 ஆண்டு, அது பரவாயில்லை. மூலங்கள் ஈயக் கலத்தில், பூட்டில், கையெழுத்துப் பதிவேட்டோடு இருக்க வேண்டும். மூலமே இல்லாத கல்லூரிக்குப் பொட்டாசியம் குளோரைடு உண்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம் 40 இருப்பதால் ஒரு கிராம் உப்பில் வினாடிக்குச் சுமார் 16 சிதைவு. மெல்லிய சன்னலுள்ள ஜி.எம். குழாயின் முன் ஒரு தட்டில் பரப்பினால் பின்னணியைவிடக் கூடுவது தெரியும். பாய்சான் புள்ளியியலுக்கு அது போதும்.

#17 கொருக்குப்பேட்டை_கால்வனோ

ஜி.எம். ஒயரையும் பாருங்க. 500 வோல்ட்டு ஓடுற கனெக்டர்ல பச்சைக் களிம்பு ஏறியிருந்தா பொறி அடிக்கும், ஒவ்வொரு பொறியும் ஒரு கவுன்ட்டு. மூலத்த எடுத்துட்டு பின்னணி மட்டும் எண்ணுங்க. காலைல நிமிஷத்துக்கு 25, சாயங்காலம் 60-ன்னா கதிரியக்கம் ஏறல, கனெக்டர் கசியுது.

#18 மூலக்கொத்தளம்_மூணாம்வருஷம்

மில்லிகன்ல எலக்ட்ரான் மின்னூட்டம் எங்களுக்கு எல்லாருக்கும் 1.602-ஐ விட கூட வருது, 1.8, 1.9 (×10⁻¹⁹ கூலும்). குறைவா யாருக்குமே வரல.

#19 ராயபுரம்_ரீடிங்

மறுபடி அதே பாடம்: எல்லாருக்கும் ஒரே பக்கம் விலகினால் காரணம் ஒன்று. விழும் துளியைக் காற்று எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஸ்டோக்ஸ் விதிக்குத் திருத்தம் போட்டீர்களா? துளியின் ஆரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது, காற்று அதற்குத் தொடர்ச்சியான பாய்மம் அல்ல. ஒரு மில்லிமீட்டரை 20 வினாடியில் விழும் துளிக்கு, எண்ணெய் அடர்த்தி கன மீட்டருக்கு 886 கிலோகிராம் என்று எடுத்தால், ஆரம் ஏறத்தாழ 0.7 மைக்ரோமீட்டர். இந்தக் கன்னிங்காம் திருத்தம் இல்லாமல் கணக்கிட்டால் மின்னூட்டம் சுமார் 19 சதவீதம் கூட வரும். 1.602-ஐ 1.19-ஆல் பெருக்கிப் பார், உன் 1.9 கிடைக்கும்.

திருத்தத்தைப் போட்ட பின் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று காத்திருக்கிறது. புத்தகப் பட்டியலில் காற்றின் பாகுநிலை 20 டிகிரிக்கு. நம்ம ஊர் லேப்பில் 33. பாகுநிலை 3.5 சதவீதம் கூடுகிறது, மின்னூட்டம் அதன் ஒன்றரை அடுக்கில் போவதால் 5 சதவீத வித்தியாசம். வெப்பமானியை அறையில் தொங்கவிடாதே, அறைக்குள் விளக்கு சூடேற்றும் துளிக்கூண்டின் அருகில் வை. மில்லிகனே இந்தப் பாகுநிலையில்தான் சறுக்கினார். அவர் எடுத்த மதிப்பு சற்றுக் குறைவு, அதனால் எலக்ட்ரான் மின்னூட்டம் அவருக்கு 1.59 பக்கம் வந்தது.

#20 வியாசர்பாடி_வெர்னியர்

இ/எம்-ஐ யாரும் தொடவில்லை, சுருக்கமாக. 130 சுற்று, 15 செ.மீ. ஆரச் சுருளில் 1 ஆம்பியருக்கு 0.78 மில்லிடெஸ்லா. சென்னையில் புவிக்காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஏறக்குறைய முழுவதும் கிடையாக, வடக்குத் தெற்காக. சுருளின் அச்சை வடக்கு நோக்கி வைத்தால் 5 சதவீதம் கூடும் அல்லது குறையும், இ/எம்-இல் அது 10 சதவீதம். அச்சைக் கிழக்கு மேற்காகத் திருப்புங்கள், பாதிப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். செலவு எதுவுமில்லை, மேசையைத் திருப்புவதுதான். இரும்பு மேசையானால் மரமேசைக்கு மாற்றுங்கள், இரும்பு பீரோவை ஒரு மீட்டருக்கு அப்பால் தள்ளுங்கள். 200 வோல்ட், 1 ஆம்பியரில் எலக்ட்ரான் கதிர் வளையத்தின் ஆரம் 6.1 செ.மீ. வர வேண்டும். கண்ணாடி அளவுகோலில் பிம்பத்தோடு சேர்த்துப் படிக்காவிட்டால் இதெல்லாம் வீண்.

மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி இருக்கிறவர்கள் அதிர்வு வராமலிருக்க கன்டெய்னர் லாரி ஓடாத நேரம் பார்த்து எடுக்கவும். ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று, மேலே கடப்பாக்கல், அதன்மேல் கருவி. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லலாம்.

#21 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

பாதரச வரிகள் முடிந்தன. சி.ஏ. 3140-ம் தகரப் பெட்டிக்குள் போயிற்று. 365.0-க்கு 1.85, 404.7-க்கு 1.52, 435.8-க்கு 1.30, 546.1-க்கு 0.74, மஞ்சளுக்கு 0.61 வோல்ட். கணக்கில் 6.55 ± 0.02. இப்போதும் நாலு சிக்மா கீழே.

#22 ராயபுரம்_ரீடிங்

இது ஆனோட் உமிழ்வு. கதிர் ஆனோடு வளையத்தில் பட்டு அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்புகிறது. குழாய் வாயில் 4 மி.மீ. துளையுள்ள கறுப்பு அட்டை வைத்து, கதிர் வளையத்தின் நடுவே போகும்படி சரிசெய்யுங்கள். பிறகு 365-க்கு மட்டும் பின்னோக்கி 3 வோல்ட்வரை போய், எதிர்மின்னோட்டம் எவ்வளவில் தட்டையாகிறது என்று பாருங்கள். அட்டை வைப்பதற்கு முன், வைத்த பின், இரண்டையும் இங்கே போடுங்கள்.

#23 புதுவண்ணை_ஃபோட்டோடியூப்

வியாழன் மதிய பேட்சில் எடுக்கிறோம். ரெக்கார்டில் "ஹியூமன் எரர்" என்ற வரியை அடித்துவிட்டு, கசிவு மின்தடை, வடிகட்டி விளிம்பு, ஆனோட் உமிழ்வு மூன்றுக்கும் தனித்தனியாக எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

#24 கொருக்குப்பேட்டை_கால்வனோ

வியாழன் மதியம்னா காலைலயே சிலிக்கா ஜெல்ல ஓவன்ல போட்ருங்க.